ஆணித்தரம் என்ற சொல்லுக்குப் பொருள்

அகராதி அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்குவதில்லை. எந்த எழுத்து யார் பொறுப்போ, அந்த எழுத்தே அவர்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டுவிடும். இனா இன்றைக்கு லீவு, மானாவுக்கு வயிறு சரியில்லை, பானா யாரிடமோ போனில் சண்டை போடுகிறார் என்றுதான் பேச்சு நடக்கும். ஆ எழுத்தைப் பார்த்துக்கொண்டதால் அவள் ஆவன்னா. ஒருமுறை வங்கியில் அவளுடைய நிஜப் பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் அவள் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் ஆவன்னாவின் மேசைக்கு வந்து சேர்ந்த சொல் ஆணித்தரம். பழைய பதிப்பில் 'உறுதி' என்று ஒற்றைச் சொல்லில் கையைக் கழுவியிருந்தார்கள். புதிய பதிப்பில் அப்படித் தப்பிக்க முடியாது. சொல்லை மக்கள் எப்படிப் புழங்குகிறார்களோ அப்படிப் பொருள் எழுத வேண்டும். புழக்கமோ தலையைச் சுற்றியது. ஒரு மந்திரி ஆணித்தரமாக மறுத்தார் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது, அதே மந்திரி அடுத்த வாரம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு வக்கீல் ஆணித்தரமாக வாதாடித் தோற்றிருந்தார். அப்படியானால் ஆணித்தரம் என்பது வாதத்தில் இருக்கிறதா, தொண்டையில் இருக்கிறதா? எதிராளியை ஒப்புக்கொள்ள வைத்தால்தான் ஆணித்தரமா, மேசையைக் குத்தினாலே போதுமா?

அவள் எழுதினாள்: 'கேட்பவர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு வலுவானது.' எழுதிவிட்டுப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ ஒரு சின்ன உறுத்தல், செருப்புக்குள் மணல் போன மாதிரி.

எழுதினால் மட்டும் போதாது, வட்ட மேசையில் தேற வேண்டும். அந்த அலுவலகத்தில் அது ஒரு வழக்கம். எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார, தலைமைப் பதிப்பாசிரியர் நிஜமாக யாரோ பேசிய அல்லது எழுதிய ஒரு வாக்கியத்தைப் படிப்பார். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பொருளை வைத்துப் படிப்பார். ஒவ்வொருவரும் 'நிக்குது' அல்லது 'சாயுது' என்று சொல்ல வேண்டும். சாயுது என்றால் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் சொல்ல வேண்டும். பொருளை எழுதியவருக்கு மட்டும் வாக்கு கிடையாது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. யோசிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஆவன்னா மெதுவாகப் பேசுகிறவள். ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று, சொன்னது சரிதானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம் மிச்சத்தைச் சொல்கிறவள். அந்த மேசையில் மட்டும்தான் அவளுடைய வாக்கியங்களெல்லாம் முற்றுப்புள்ளி வரைக்கும் போயின.

முதல் சுற்றில் அவளுடைய பொருள் சாய்ந்துவிட்டது. தலைமைப் பதிப்பாசிரியர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர், முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் 'தலைவி'. செய்தித்தாள் வாக்கியங்களை நம்பிப் பிரயோஜனமில்லை, மேடையில் கத்துகிறதையெல்லாம் அவர்கள் ஆணித்தரம் என்று போட்டுவிடுவார்கள் என்றார் தலைவி. வீட்டிலோ கடையிலோ பஸ்ஸிலோ யாராவது நிஜமாகவே ஆணித்தரமாகப் பேசுவதைக் காதால் கேட்டு, அதை எடுத்துக்காட்டாகக் கொண்டுவரும்படி ஆவன்னாவிடம் சொல்லிவிட்டார்.

அதற்காக அவள் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கவில்லை. அந்த வகைச் சரக்கு வீட்டிலேயே மலிந்து கிடந்தது.

அவள் கணவர் மெத்தைக் கடையில் மேலாளர். கடையில் அவர் அதிகம் பேசுவதே இல்லை. வாடிக்கையாளரை மெத்தையில் படுக்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், பத்து நிமிஷத்தில் அவர்களே எழுந்து வந்து வாங்கிக்கொள்வார்கள். மிச்சம் பிடித்த பேச்சு முழுவதும் வீட்டுக்கு வந்துவிடும். எந்த விஷயமானாலும் அவருக்கு ஐந்து பாயின்ட் இருக்கும். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே வருவார். ஐந்தும் மடங்கும்போது கை தானாகவே முஷ்டியாகிவிடும். பத்தாம் வகுப்பு படிக்கிற மகள், "அம்மா, அப்பா மோதிர விரலுக்கு வந்துட்டாரு, தோசை திருப்பிப் போட்டுட்டு வந்துரு, நேரம் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

இப்படித்தான் கதவுகளுக்குப் பச்சைப் பெயின்ட் வந்தது. இப்படித்தான் சமையலறைக்குள் நுழையவே ஒருக்களித்துப் போக வேண்டிய அளவில் ஒரு ஃபிரிட்ஜ் வந்தது. ஆவன்னாவுக்குப் பச்சையும் பிடிக்காது, அந்த ஃபிரிட்ஜும் பிடிக்காது. ஆனால் அவர் நடுவிரலை மடக்கும்போதே அவளுக்குள் யாரோ ஒருத்தி அலுப்போடு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். கட்டைவிரல் மடங்கும்போது 'சரி' தானாக வாயில் வந்து நிற்கும். அந்தச் சரி எங்கேயிருந்து புறப்படுகிறது என்று அவள் பலமுறை உள்ளே தேடிப் பார்த்திருக்கிறாள். தலையிலிருந்து இல்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த முறை விஷயம் பெயின்ட் இல்லை. ரயிலில் ஒரு ராத்திரிப் பயண தூரத்தில், வேறொரு ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன் புதிதாக மெத்தைக் கடை திறக்கப் போகிறார், தம்பி வந்து கூட நின்று நடத்த வேண்டும் என்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார், அப்போது முடிவைச் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சுண்டுவிரல் மடங்கியது. சொந்தக் கடை, யார் கீழேயும் கைகட்டி நிற்க வேண்டாம். மோதிர விரல்: அண்ணன் வீட்டு மாடி காலியாக இருக்கிறது, காற்றும் வெளிச்சமும் கொட்டும். நடுவிரல்: அந்தத் தெரு முனையிலேயே நல்ல பள்ளிக்கூடம். ஆள்காட்டி விரல்: இந்த வீட்டுச் சுவரெல்லாம் ஓதம், காலையில் எழுந்ததும் ஆவன்னா வரிசையாகத் தும்முகிறாளே, அது நிற்கும்.

"அஞ்சாவது," என்று கட்டைவிரலை நிமிர்த்திக் காட்டிவிட்டு மடக்கினார். "அகராதிய எங்க உக்காந்து எழுதினா என்ன? அங்க உக்காந்தா மட்டும் அம்மாவுக்கு அம்மான்னு அர்த்தம் வராதா?"

அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அதே நொடியில், வெட்கக்கேடு, அவள் மூளையின் பாதி எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு கச்சிதம். எங்கே தொட்டாலும் பிடி கிடைக்கவில்லை. குழந்தை, உடம்பு, கடை என்று எல்லாப் பக்கமும் அடைத்தாயிற்று. இதைவிட ஆணித்தரமான ஒன்றை நான் எங்கே போய்த் தேடுவேன் என்று அவள் நினைத்தாள். தும்மல் வந்தது. "பாத்தியா?" என்றார் அவர்.

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அவளுடைய பார்க்கலாம் சரிக்கு முந்தின ஸ்டேஷன் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் வட்ட மேசையில் அவள் செய்த காரியத்தை அகராதிக்காரர்கள் மட்டும்தான் செய்வார்கள். ஒரு ஆள், தன் மனைவியிடம், ஊர் மாறுவது பற்றிப் பேசியது என்று பெயர் இல்லாமல் ஆரம்பித்து, ஐந்து பாயின்டையும் ஒன்று விடாமல் வைத்தாள். எடுத்துக்காட்டு நன்றாக வர வேண்டுமே என்ற அக்கறையில், அவர் விட்டுவிட்ட இடங்களையும் தானே பூசி மெழுகினாள். காற்றும் வெளிச்சமும் என்பதைக் கொஞ்சம் கூடுதலாகவே வர்ணித்தாள். மேசை அப்படியே ஒன்றிப்போய்க் கேட்டது. மானா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இனாவுக்குத் தன் வீட்டு ஓதம் ஞாபகம் வந்து பெருமூச்சு விட்டார்.

தலைவி வாக்கியத்தைப் படித்தார்: "அவர் ஆணித்தரமாகப் பேசினார்." பிறகு சொல்லை எடுத்துவிட்டுப் பொருளை வைத்துப் படித்தார்: "கேட்பவர் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்கிற அளவுக்கு வலுவாகப் பேசினார்."

"நிக்குது," என்றார் இனா.

"நிக்குது. அஞ்சாவது மட்டும் கொஞ்சம் லொடலொடங்குது," என்றார் பானா. "ஆனா அதான் நாலு இருக்கே."

மானாவும் நிக்குது என்றுவிட்டு, அந்த அம்மா ஒத்துக்கொண்டாளா என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்றாள் ஆவன்னா. என்ன காரணம் சொல்கிறாளாம் என்று மானா விடவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை என்றாள்.

"அப்ப வெறும் அழும்பு," என்றார் மானா. "சில பேரு அப்படித்தான். நல்லதச் சொன்னா பிடிக்காது."

"நான் ஒண்ணும் அழும்புக்காரி இல்ல," என்றாள் ஆவன்னா.

மேசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. பிறகு அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை, அதைவிட மோசமான ஒன்று நடந்தது. எல்லாருக்கும் ஒரேயடியாகச் சந்தோஷம் பொங்கிவிட்டது. அடடா, இவ்வளவு நல்ல விஷயத்தை இப்படியா மறைத்து வைப்பது என்று பானா கோபித்துக்கொண்டார். தும்மலுக்கு வெளிச்சத்தைப் போல மருந்து கிடையாது என்றார் மானா. எப்போதும் எதிலும் ஏதாவது ஒரு சாய்வு கண்டுபிடிக்கிற கூட்டம், முதல் தடவையாக ஒரே குரலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டிருந்தது, அது அவளை ஊரை விட்டு அனுப்புவது.

அந்தக் கணத்திலேயே அவள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஒப்புக்கொண்டது அவள் திறமையாக எடுத்து வைத்ததை. தன் கையால் சமைத்ததை நன்றாக இல்லை என்று எப்படிச் சொல்வது? அவள் யோசித்து முடிப்பதற்குள் காரியங்கள் நடக்க ஆரம்பித்துவிட்டன. தலைவி ஆ எழுத்தை இனாவிடம் ஒப்படைத்தார். மானா, ஆவன்னாவின் ஜன்னலோர நாற்காலிக்குக் கைப்பிடி ஆடுமா என்று சும்மா தெரிந்துகொள்வது போலக் கேட்டார், கேட்டுக்கொண்டே உட்கார்ந்தும் பார்த்தார். மத்தியானம் பக்கத்து அறையில் பிரிவுப் பரிசாகச் சுவர்க் கடிகாரமா குக்கரா என்று விவாதம் நடந்தது, பானா குக்கருக்காக ஆணித்தரமாகவே பேசினார்.

அவள் கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். எல்லாருக்கும் நின்ற வாதம், யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டதோ அவளுக்குள் மட்டும் ஏன் சாய்கிறது? அவள் முட்டாளா? காரணம் இல்லாமல் ஒன்றை வேண்டாம் என்பது முட்டாள்தனம் என்றால், காரணமே தேடாமல் இத்தனை வருஷம் சரி சொன்னதற்கு என்ன பெயர்? பெயின்டுக்குச் சரி சொன்னபோது அவர் பேச்சு அவளை வென்றதா, இல்லை அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாளா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். பாவம், அவர் தன்னைப் பெரிய வாதத் திறமைக்காரர் என்று நம்புவதற்கு இருந்த ஒரே அத்தாட்சி அவள்தான். இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் பயமும் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைவியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"என் பொருள் சாயுதுங்க மேடம்."

"எழுதினவங்களுக்கு ஓட்டு இல்ல. தெரியுமில்ல?"

"எழுதினவளாச் சொல்லல. அந்தப் பேச்சைக் கேட்டவளாச் சொல்றேன்."

தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவள் எப்போதும் போல நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள், ஆனால் அவர்களில் ஒருவரும் வீடு மாற்றப் போவதில்லை. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று பொருளில் எழுதியது தன் தப்பு. ஒப்புக்கொள்வது கேட்கிறவர் பாடு, அதை வாதத்தின் கணக்கில் எழுதக் கூடாது. எதிர்த்துச் சொல்ல இடம் வைக்காமல், உறுதியாக, காரணங்களோடு என்று சொன்னால் போதும். அதற்குப் பிறகும் ஒருவர் மாட்டேன் என்று சொல்லலாம், சொன்னால் வாதம் கெட்டுப்போய்விடாது.

தலைவி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இது எழுத்துப் பிரச்சனையா, வீட்டுப் பிரச்சனையா?" என்று கேட்டார்.

"ரெண்டும்."

"வீட்டுல சொல்லியாச்சா?"

"இல்ல."

"அங்க சொல்லாம இங்க வந்து திருத்தி என்ன ஆகப் போகுது?" என்றார் தலைவி. "திங்கக்கிழமைக்குள்ள இருக்கீங்களா போறீங்களான்னு சொல்லுங்க. இனா ஏற்கனவே ஆமை வரைக்கும் படிச்சு முடிச்சுட்டாரு."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் ஐந்து பாயின்ட் தேடினாள். பஸ்ஸில் உட்கார்ந்து சுண்டுவிரலை மடக்கினாள். இரண்டாவது விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. இறங்கும்போது அந்த ஒன்றும் மறந்துவிட்டது.

கணவர் ஹாலில் போனை எதிரில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் வரவுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணன் எந்த நேரமும் கூப்பிடலாம். மகள் சோபாவின் மறு ஓரத்தில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க," என்றாள் அவள். "நீங்க சொன்ன அஞ்சும் சரி. எங்க ஆபீஸ்ல வெச்சுக்கூடப் பாத்தாச்சு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? யாரு, அந்தத் தலைவியுமா?"

"அவங்களும். ஆனா நான் வரல."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல். அவர் வழக்கம் போலக் கையைத் தூக்கினார். எந்தப் பாயின்ட் ஒத்துவரவில்லை, அதைச் சொல், பேசுவோம் என்றார். எதுவும் ஒத்துவராமல் இல்லை என்றாள். அப்படியானால் வரலாமே என்றார். இல்லை என்றாள். இதில் தர்க்கமே இல்லையே என்றார், ஆமாம், இல்லைதான் என்றாள். சுவரில் பந்து எறிந்து விளையாடுகிறவருக்குத் திடீரென்று சுவரே காணாமல் போனது போல் ஆயிற்று.

"இத்தனை வருஷமா நான் சொன்னா ஒத்துக்குவியே," என்றார். "சொல்ற விதமா சொன்னா புரிஞ்சுக்குவியே."

"சீக்கிரம் முடியட்டும்னு ஒத்துக்குவேன்."

மகள் புத்தகத்தை மூடினாள்.

"ஃபிரிட்ஜுக்குமா?" என்றார் அவர்.

"அதுக்கும்."

"பச்சை உனக்குப் பிடிக்கும்னே நெனச்சேன்."

"பிடிக்காது."

அவர் கதவைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார். வென்ற கோட்டைகளெல்லாம் ஒன்றொன்றாகச் சரிவது அவர் முகத்தில் தெரிந்தது. இப்போதே சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஆவன்னாவின் வாயில் அது வந்தும் நின்றது. அதை விழுங்கினாள். விழுங்க முடிகிற பொருள்தான் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்ப என்னையக் கட்டிக்கிட்டது?" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீங்க பேசவே இல்லையே. உங்க அண்ணன்தான் பேசிட்டே இருந்தாரு. நீங்க எங்க வீட்டுப் பூனையத் தடவிட்டு உக்காந்திருந்தீங்க. அது எனக்குப் பிடிச்சிருந்தது."

மகள் கிளுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் லேசாகச் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்த அலுவலகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு அவர் விரலை மடக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

அவள் யோசித்தாள். அவர் பொறுத்திருந்தார்.

"அங்க ஒரு மேசை இருக்கு," என்றாள்.

"மேசைதானே? நான் வாங்கித் தரேன், அண்ணன் வீட்டு மாடியில நல்லா..." என்று ஆரம்பித்தவர் மகள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"அங்க நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் பேச மாட்டாங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"சரி, உங்களுக்குப் போகணுமா?" என்று அவள் கேட்டாள்.

அண்ணன் சொல்வதெல்லாம் நியாயம்தானே என்றார். அதைக் கேட்கவில்லை என்றாள். அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குள்ளே இப்படித் தேடி அவருக்குப் பழக்கமில்லை என்பது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது.

"காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அவரு கூட கடையில நிக்கணும்," என்றார் கடைசியில். "பேசிட்டே இருப்பாரு. அந்த அஞ்சு பாயின்ட்டும் அவரு சொன்னதுதான். நான் சும்மா திருப்பிச் சொன்னேன்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிண்ணேன்னேன்."

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே கடையில் ஒரே சரக்கைத் தெரியாமல் வாங்கிவிட்ட இரண்டு பேர் மாதிரி இருந்தது.

போன் அடித்தது. அவர் எடுத்துக் காதில் வைப்பதற்குள்ளேயே அண்ணனின் குரல் வெளியே வழிந்தது. கடைக்கு இடம் பார்த்தாயிற்று, மாடிக்கு வெள்ளையடித்தாயிற்று, துணைக்கு ஓரகத்தி வருகிறாளென்று உன் அண்ணி வாய் ஓயாமல் சொல்கிறாள் என்று அந்தக் குரல் போய்க்கொண்டே இருந்தது. கணவர் ம் என்றார். மறுபடியும் ம் என்றார். ஆவன்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய ம். நடுவிரலுக்கு அப்புறம் அவள் சொல்கிற அதே ம், அதே இடத்தில் தாழ்ந்து, அதே அலுப்போடு. இவ்வளவு காலம் அதைத் தனக்கே சொந்தம் என்று நினைத்திருந்தாள்.

இன்னும் இரண்டு ம் போனால் சரி வந்துவிடும். அவள் அருகில் போய் உட்கார்ந்தாள். ஜாடை காட்டலாம், போனைப் பிடுங்கலாம் என்றெல்லாம் தோன்றியது. ஒன்றும் செய்யவில்லை. மேசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"சரிண்ணே," என்றார் அவர்.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றது அத்தனையும் சரிண்ணே. ஒண்ணுகூடத் தப்பில்ல," என்றவர் எச்சிலை விழுங்கினார். "நாங்க வரல."

மறுமுனையில் பேச்சு நின்றது. அந்தக் குடும்பத்தில் அது எப்போதாவது நடந்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. பிறகு ஏன் என்று கேட்டது குரல். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏன்னா... காரணம்னு ஒண்ணும் இல்லண்ணே. வரல, அவ்வளவுதான்."

அப்புறம் அண்ணன் சந்தேகத்தோடு, "யாரு பேசறது?" என்று கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது.

"நான்தாண்ணே," என்றார் அவர், தனக்கே அது புதுச் செய்தி என்பது போல.